எதிரெதிர்த் திசையில் இருவர்: பிளாங்கோ ஒயிட்டும் நியூமனும்

சபை மாறியவரின் வரலாற்றை அவர் போய்ச் சேர்ந்த சபையார் ஒருவிதமாகவும், விட்டுவந்த சபையார் வேறுவிதமாகவும் எழுதுவது வழக்கம். முன்னவர்களுக்கு அது ஒளி கண்ட கதை. பின்னவர்களுக்குத் தடம் தவறிய கதை. இந்த இரண்டு பார்வையையும் சற்றே ஒதுக்கிவைத்து, கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டண்ட் பக்கம் போன ஒருவரையும், அந்தப் பக்கத்திலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்த ஒருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் என்ன தெரியும்? அதற்குப் பொருத்தமான இணையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே கல்லூரியில், ஒரே சாப்பாட்டு மேசையில், சில ஆண்டுகள் சேர்ந்தே இருந்தவர்கள் அவர்கள்.

ஒருவர் ஹோசே மரியா பிளாங்கோ ஒயிட் (1775–1841). ஸ்பெயினின் செவில் நகரத்துக் குரு. 1810இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். 1814இல் ஆங்கிலிக்கன் குருவானவர். மற்றவர் ஜான் ஹென்றி நியூமன் (1801–1890). ஆக்ஸ்ஃபோர்டின் ஆங்கிலிக்கன் குரு, 1845இல் கத்தோலிக்கர், பிறகு கர்தினால், 2019 முதல் புனிதர். இருவரும் 1820களின் பிற்பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரியில் பழகினார்கள். மாலை வேளைகளில் பிளாங்கோ ஒயிட்டின் இருப்பிடத்தில் பீத்தோவன் வாசிப்பார்கள். இருவர் கையிலும் வயலின். நியூமனின் மைத்துனர் தாமஸ் மோஸ்லி தம் நினைவுக்குறிப்பில் அந்தக் காட்சியைப் பதிந்திருக்கிறார். வாசிக்கும்போது ஸ்பானியரின் முகம் கொந்தளித்துக்கொண்டே இருக்குமாம். நியூமனின் முகத்தில் ஓர் அசைவும் இராது. கை மட்டும் நிதானமாக நீண்ட சுரங்களை இழுக்கும்.

இந்த முக வேற்றுமையைக் கொண்டே இருவரையும் விளக்கிவிடலாம் என்று தோன்றும். உணர்ச்சிவசப்பட்டவர் சபை சபையாக மாறினார், நிதானமானவர் ஓரிடத்தில் நிலைத்தார் என்று. அப்படி முடிவுகட்டுவது பிளாங்கோ ஒயிட்டுக்கு அநீதி. கத்தோலிக்கத்தில் நம்பிக்கை இழந்த பிறகும் ஏறக்குறைய பத்தாண்டு அவர் குருவாகவே இருந்தார். பெற்றோரின் மனம் நோகும் என்ற அச்சம் ஒருபுறம், திருச்சபையின் சமய விசாரணை மன்றம் மறுபுறம். நம்பாத பூசையை நிறைவேற்றிய அந்த ஆண்டுகளை அவர் பின்னாளில் எழுதியதைப் படிப்பவர்கள் அவரை அவசரக்காரர் என்று சொல்லத் துணியமாட்டார்கள். நியூமனும் அவசரப்படவில்லை. ஆங்கிலிக்கன் நிலைப்பாட்டைப் பற்றிய முதல் ஐயம் 1839 கோடையில் எழுந்தது. அடியெடுத்து வைத்தது 1845 அக்டோபரில். இடைப்பட்ட ஆறாண்டுகளில் பங்கை விட்டு விலகி, லிட்டில்மோர் கிராமத்தில் சில நண்பர்களோடு செபத்திலும் படிப்பிலும் காத்திருந்தார். மாறலாமா என்று எண்ணத் தொடங்குவதற்கும் மாறுவதற்கும் இடையிலுள்ள இந்த நீண்ட காலம்தான் இருவருக்குமான முதல் ஒற்றுமை.

ஐயம் பிறந்த இடம் முற்றிலும் வேறு. பிளாங்கோ ஒயிட் கத்தோலிக்கத்தை உள்ளிருந்து அறிந்தவர். கன்னியர் மடங்களில் பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு அவர். அவருடைய சகோதரிகள் இருவர் மடம் புகுந்தார்கள். அங்கே அவர்கள் வாழ்வு நொறுங்கியதை 1825இல் வெளியிட்ட கத்தோலிக்க எதிர்ப்பு நூலில் எழுதினார். அந்தப் பக்கங்களில் இறையியல் குறைவு, அண்ணனின் துயரம் அதிகம். நியூமனை அலைக்கழித்தவை ஐந்தாம் நூற்றாண்டின் ஏடுகள். கிறிஸ்துவின் இயல்பைப் பற்றிய பழைய வழக்கொன்றைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு, அன்று திருச்சபையிலிருந்து பிரிந்து நின்றவர்களின் இடத்தில் இன்று தாமே நிற்பதாகப் பட்டது. ஒருவரை வீட்டுத் துயரம் வெளியே தள்ளியது. மற்றவரை வரலாற்று ஏடு உள்ளே இழுத்தது.

போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி இருவரும் எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்று கேட்டால் எதிர்பாராத ஓர் ஒப்புமை கிடைக்கிறது. பிளாங்கோ ஒயிட் ஆங்கிலிக்கன் சபையை அறிந்தது அதன் இறையியலாளர் வில்லியம் பேலியின் நூல்கள் வழியாகவும், லண்டன் ஆலயமொன்றில் கேட்டு உருகிப்போன ஒரு ஞானப்பாட்டின் வழியாகவும். அதன் பங்குச் சண்டைகளும் வர்க்கப் பெருமைகளும் அவருக்குப் பிறகுதான் தெரியவந்தன. நியூமனும் அப்படித்தான்: திருத்தந்தையர், சங்கங்கள், புனிதர்கள் எல்லாரையும் ஏட்டில் அறிந்தவருக்கு உயிருள்ள கத்தோலிக்கர்களோடு பழக்கம் மிகக் குறைவு. நடைமுறையில் அறிந்ததை விட்டு ஏட்டில் அறிந்ததைத் தேடி இருவரும் போனார்கள். சபை மாற எண்ணும் பலருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். தன் பங்கின் குறைகள் ஞாயிறுதோறும் கண்முன் நிற்கின்றன. மற்றதன் நிறைவு மட்டும் தொலைவிலிருந்து தெரிகிறது.

பொதுவாக இத்தகைய மாற்றத்தைப் பற்றிப் பேசுபவர்கள் மரியன்னை வணக்கம், உத்தரிக்கிற ஸ்தலம், பாவசங்கீர்த்தனம், குருக்களின் மணமின்மை என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். இந்த இருவரிடமும் அந்தப் பட்டியல் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. குருத்துவ மணமின்மையையே எடுத்துக்கொள்வோம். அதன் கட்டாயத்தைக் கடுமையாகச் சாடிய பிளாங்கோ ஒயிட், மணம் செய்துகொள்ளத் தடையில்லாத சபைக்கு வந்த பிறகும் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. நியூமனோ, குருக்கள் குடும்பஸ்தர்களாக வாழ்ந்த சபையிலேயே பதினைந்து வயதில் தனிவாழ்வுதான் தமக்கு விதித்தது என்று உணர்ந்தவர். இந்த ஒரு பொருளை வைத்து இவர்களின் திசையைக் கணிக்க முயல்பவர் ஏமாந்துபோவார்.

பட்டியலுக்கு அடியில் இருந்த கேள்வி ஒன்றே: எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? செவிலில் பிளாங்கோ ஒயிட்டுக்குக் கற்பித்த இறையியல் எல்லாவற்றையும் திருச்சபையின் தவறாவரத்தின் மேல் கட்டியிருந்தது. ஒரே ஒரு புள்ளியில் திருச்சபை தவறியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதும் கிறிஸ்தவம் முழுதுமே சரிந்தது. இங்கிலாந்துக்கு வந்து அதைத் துண்டு துண்டாக மீட்டுக்கொண்டதுதான் அவருடைய ஆங்கிலிக்கன் காலம். நியூமனும் அதே தர்க்கத்தைத்தான் ஏற்றார், ஆனால் மறுமுனையிலிருந்து: கடவுள் வெளிப்படுத்தினார் என்றால் அந்த வெளிப்பாட்டைக் காக்கும் தவறாத குரலும் இருந்தாக வேண்டும். கத்தோலிக்கத்துக்கும் இறைமறுப்புக்கும் இடையே உறுதியான நடு இடம் இல்லை என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். அந்த வாக்கியத்தைப் பிளாங்கோ ஒயிட்டின் செவில் ஆசிரியர்கள் வரவேற்றிருப்பார்கள். இருவர் கையிலும் இருந்த வரைபடம் ஒன்று; நடந்த திசைதான் வேறு. ஆங்கிலிக்கன் சபை இருவருக்கும் பெருவழியில் அமைந்த சத்திரமானது. தெற்கிலிருந்து வந்தவரும் வடக்கிலிருந்து வந்தவரும் அங்கே சில ஆண்டு தங்கி, ஒருவரோடொருவர் பேசி, எதிரெதிரே புறப்பட்டார்கள்.

அந்தத் தங்கலின்போது நடந்த ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. ஆங்கிலிக்கன் சபையைப் பழைய கத்தோலிக்க மரபின் பக்கம் திருப்ப முயன்ற ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தின் வருங்காலத் தலைவர்களான ப்யூசி, ஃப்ரூட் போன்றவர்கள் ஒரு மாலை பிளாங்கோ ஒயிட்டைத் தேடி வந்தார்கள். ரோமைக் கட்டளைச் செபநூலை எந்த வரிசையில் செபிப்பது என்று கற்றுக்கொள்ளத்தான். அதைக் கைவிட்டு வந்தவரே அவர்களுக்கு விளக்கினார். சில ஆண்டுகள் கழித்து, மறைந்த ஃப்ரூட்டின் செபநூல் நியூமனின் கைக்கு வந்தது. அதைத் தினமும் செபித்தார், 1836இல் அதைப் பற்றி ஒரு துண்டுநூலே வெளியிட்டார். ரோமையை நோக்கிய பாதையில் விழுந்த கற்களில் ஒன்று, ரோமையிலிருந்து ஓடிவந்தவர் கையால் விழுந்தது.

1829 இன்னொரு வியப்பு. கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை தரும் சட்டத்தைக் கொண்டுவர முன்வந்த அமைச்சர் ராபர்ட் பீல், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியில் மறுபடி வாக்குக் கேட்டு நின்றார். நான்காண்டுக்கு முன் கத்தோலிக்கத்துக்கு எதிராக நூல் எழுதிய பிளாங்கோ ஒயிட் பீலுக்கு வாக்களித்தார். அந்த நூலைக் கொண்டாடிய நண்பர்கள் பலர் அதோடு முகம் திருப்பிக்கொண்டார்கள். வருங்காலக் கர்தினாலோ பீலைத் தோற்கடிக்க முனைந்து உழைத்தார், பீல் தோற்றார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குப் படவில்லை. செவிலில் மனசாட்சி நெரிக்கப்பட்டவர், பிறர் மனசாட்சியை அரசு நெரிப்பதைப் பொறுக்கவில்லை. நியூமனுக்கு அரசு சபையின் காரியத்தில் தலையிடுவதே குற்றம். பின்னாளில் அரசின் சபையை விட்டே அவர் வெளியேறியதில் அந்தக் கோபத்துக்கும் பங்குண்டு.

இழப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவதில்லை. பிளாங்கோ ஒயிட் 1810 பிப்ரவரியில் காடிஸ் துறைமுகத்தில் கப்பலேறினார். செவிலைப் பிறகு பார்க்கவே இல்லை. தாய்மொழியையும் பெரும்பாலும் விட்டு, ஆங்கிலத்தில் எழுத்தாளரானார். நியூமன் 1846 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டை விட்டார். முப்பதாண்டுக்கு மேல் ரயில் சன்னல் வழியே அதன் கோபுர முனைகளை மட்டுமே கண்டார். மிக நெருக்கமாக இருந்த தங்கை ஹாரியட் அவரோடு உறவையே முறித்துக்கொண்டார். போன இடத்திலும் இருவருக்கும் முழு நம்பிக்கை கிட்டவில்லை. ஆங்கிலேயர்களுக்குப் பிளாங்கோ ஒயிட் எப்போதும் ஓர் அந்நியப் பாதிரி. நியூமன் பொதுநிலையினரின் நம்பிக்கையைக் கலந்தறிய வேண்டும் என்று 1859இல் எழுதிய கட்டுரை ரோமையில் புகாராகப் போய்ச் சேர்ந்தது.

பெரிய வேற்றுமை இதற்குப் பிறகு வருகிறது. நியூமன் நின்றார், பிளாங்கோ ஒயிட் மேலும் நடந்தார். திரித்துவம் பற்றிய ஐயம் அவரை ஆங்கிலிக்கன் சபையிலும் விடவில்லை. டப்ளின் பேராயரான நண்பர் வேட்லியின் வீட்டில் தங்கியிருந்தவர், 1835இல் தம் கருத்தால் நண்பருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று லிவர்பூலுக்குப் போய், திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் கூட்டத்தில் சேர்ந்தார். நியூமனோ 1845க்குப் பிறகு தம் சமயக் கருத்துகளில் சொல்வதற்கு வரலாறே இல்லை என்று எழுதினார். வெளியேறுகிறவருக்கு அடுத்த படி எப்போதும் திறந்தே இருக்கிறது, சேர்கிறவருக்குக் கதவு பின்னால் மூடிக்கொள்கிறது என்று இதைப் பொதுவிதியாக்கிவிட முடியாது. நியூமனின் தம்பி பிரான்சிஸ் கத்தோலிக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், பிளாங்கோ ஒயிட்டின் வழியிலேயே கோட்பாட்டுக் கிறிஸ்தவத்தை விட்டு விலகினார்.

இருவரும் கவிதையும் எழுதினார்கள், அதுவும் இருளைப் பற்றி. சிசிலியில் காய்ச்சலில் சாகப் பிழைத்து ஊர் திரும்பும் கப்பலில் 1833இல் நியூமன் எழுதிய பாடல் காந்தியடிகளுக்கு மிகவும் பிடித்தது; இருட்டில் ஓரடி தூரம் தெரிந்தால் போதும் என்று ஒளியை வேண்டுவது அது. பிளாங்கோ ஒயிட்டின் பதினான்கு வரிப் பாடல் 1828இல் அச்சானது. கவிஞர் கோல்ரிட்ஜ் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். முதல் மனிதன் முதல் இரவைக் கண்டு அஞ்சுகிறான். பகல் மறைத்து வைத்திருந்த விண்மீன்களை அந்த இரவே அவனுக்குக் காட்டுகிறது. கத்தோலிக்கத்துக்குப் போகவிருந்தவர் வழிகாட்டும் ஒளியை நம்பினார். அதை விட்டு வந்தவர் ஒளி மறைக்கக்கூடியதையும் எண்ணிப் பார்த்தார். இருவரின் இறையியல் நூல்களையும்விட இந்த இரு சிறு பாடல்கள் அவர்களை எனக்கு நெருக்கமாகக் காட்டுகின்றன.

பிளாங்கோ ஒயிட்டின் தன்வரலாறு அவர் இறந்து நான்காண்டு கழித்து, நியூமன் கத்தோலிக்கரான அதே 1845இல் வெளிவந்தது. ஆறாண்டுக்குப் பிறகு, இங்கிலாந்தில் கத்தோலிக்க எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், பர்மிங்காமில் நியூமன் தொடர் உரைகள் நிகழ்த்தினார். அவற்றில் ஒன்றில் பழைய நண்பரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். அவர் பொய் சொல்பவர் அல்லர், கண்டதைக் கண்டபடி எழுதியவர் என்று கத்தோலிக்கக் கூட்டத்தின் முன் நின்று உறுதி சொன்னார். ஒரு நாட்டில், ஒரு காலத்தில், ஒரு வட்டத்தில் கண்டது முழுத் திருச்சபைக்கும் சான்றாகிவிடாது என்பது மட்டுமே அவர் மறுத்த பகுதி. பிளாங்கோ ஒயிட்டின் தரப்பிலிருந்து இதற்கு விடை கேட்டால், 1835இல் வந்த அவருடைய கடைசிப் பெரிய நூல் அதைத் தருகிறது: கருத்து வேறுபாட்டுக்காக ஒரு கிறிஸ்தவன் இன்னொருவனைத் தப்பறைக்காரன் என்று தள்ளுவதற்கு வேதத்தில் இடமே இல்லை என்று அதில் வாதிட்டார். தள்ளப்பட்டவர் எழுதியது அது. நண்பரின் நேர்மையைக் காத்துப் பேசிய அந்த உரையில் நியூமனும் அவரைத் தள்ளவில்லை.