கண்டிக்கு வந்த மதுரை மணமகளிர்

குண்டசாலை மன்னன் எனப் பெயர்பெற்ற வீர நரேந்திரசிங்கன் (1707–1739) மதுரை நாயக்கர் குலத்தில் மணம்புரிந்தான். கடல் கடந்து மலைநாடேறி வந்த அரசியின் தொடக்க நாட்கள்பற்றி வரலாற்று நூல்கள் விரித்துரைப்பதில்லை. எனினும், அத்தகைய மணமகளிர் தனித்து வாழ்ந்திலர். அவர்தம் உறவினர் கண்டி நகரின் குமாருப்பே வீதியில் குடியமர்ந்தனர். பட்டத்தரசிவழி வாரிசின்மையால் 1739இல் அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயருடன் முடிசூடினான்.

வந்தோர் பௌத்தத்தையும் பேணினர். 1753இல் சீயத்துத் துறவிகளைக்கொண்டு உபசம்பதையை மீட்பித்தவன் நாயக்க மன்னனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே. ஆயினும், 1815 மார்ச் 2ஆம் திகதி எழுந்த கண்டி ஒப்பந்தம் மன்னனின் உறவினரைக் கண்டி நாட்டினின்றும் விலக்கியது. 1816இல் இறுதி மன்னனும் அரசியரும் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டனர். அரியணையில் அமர்ந்தும், சமயம் வளர்த்தும் அந்நியர் என்ற பெயர் அவர்களைவிட்டு நீங்கவில்லை என்பது சிந்தித்தற்குரியது.