வார்த்தவன் பெயர் எங்கே?

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களைப் படிக்கப் புகுவோர் முதற்கண் வியப்பது அவற்றின் கணக்குத் திறத்தையே. கி.பி. 985 முதல் 1014 வரை அரசாண்ட முதலாம் இராஜராஜனும், அவன் தமக்கை குந்தவையும், தேவிமாரும், அதிகாரிகளும் அக்கோயிலுக்கு அளித்த திருமேனிகள் 60-க்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றும் எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கைகள் உடையது, கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா, அளித்தவர் யார் என்பன யாவும் வரி பிசகாமல் வெட்டப்பட்டுள்ளன. தோட்டத்துச் செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு அக்கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆயினும் செக்ரோலில் ஒருநாட் கூலிக்காரனுக்கும் ஒரு வரி உண்டு. இத்திருமேனிக் கணக்கிலோ, வார்த்தவன் பெயரைக் காணோம்!

அவன் செய்த வேலை எளியதன்று. தென்னங்கீற்று நறுக்கொன்றை மடித்து மடித்து அங்க அளவுகளைக் குறித்துக்கொள்வான். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சிய மெழுகினால் முழு உருவத்தையும் சமைப்பான். விரல் நெளிவு, இடையணி, இதழோரத்துப் புன்முறுவல் யாவும் மெழுகிலேயே அமைந்துவிட வேண்டும். பின்னர்க் காவிரியின் நுண்ணிய வண்டலை அதன்மேல் மெல்லப் பூசி நிழலில் உலர்த்துவான். அதன்மேல் தடித்த களிமண் கவசம். அதனைச் சூடேற்ற, உள்ளிருக்கும் மெழுகு உருகித் துளைவழி ஓடிவிடும். அவ்வெற்றிடத்தில் காய்ச்சிய உலோகத்தை வார்ப்பான். ஐம்பொன் என்பது வழக்காயினும் அதில் செம்பே மிகுதி. ஆறியபின் மண்ணை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும். ஆதலின் ஒரு கருவிலிருந்து ஒரு சிலையே பிறக்கும். எங்கேனும் காற்றுக் குமிழி தங்கிவிடின் பலநாள் உழைப்பும் பாழ். சுவாமிமலை ஸ்தபதிகள் இம்முறையை இன்றும் கைவிடவில்லை.

திருவாலங்காட்டு நடராஜர் திருமேனியின் நிழற்படங்களைக் கண்டு உள்ளம் உருகிப் பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் எழுதிய கட்டுரை 1921-இல் அச்சேறிற்று. புகழ்ந்த சிற்பியை உலகம் அறியும். புகழப்பட்ட சிற்பியை அவனூரும் அறியாது.

தெய்வப் பணியில் தன் பெயரை மறைத்துக்கொள்வது அடக்கம் என்பர் சிலர். நன்று. அவ்வடக்கம் பொன் கொடுத்தவரை மட்டும் பற்றாது போனதேன்? கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில், தஞ்சைக் கல்வெட்டுக்களுக்குப் பிற்பட்ட அரச ஆணையொன்று உள்ளது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு விளங்கிய மன்னன் வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு விடுத்தது அது. தட்டார், கன்னார், கொல்லர், தச்சர், கல்தச்சர் ஆகிய ஐந்தொழிலாளரே கம்மாளர் எனப்படுவர். நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், புறப்படவேண்டும் இடங்களுக்குப் பாதரட்சை அணிந்து செல்லலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று மன்னன் அவர்களுக்கு அனுமதி வழங்குகிறான்.

அனுமதி தந்தமையின், அதற்குமுன் அது இல்லையென்றே நாம் கொள்கிறோம். ஆண்டவன் திருவடியை மெழுகில் உருவாக்கிய கைக்குரியவன், தன் காலுக்குச் செருப்பிட ஓர் அரசாணைக்காகக் காத்திருந்தான்.