மதராஸ் பெயரில் பறந்த போர் விமானங்கள்

ஜேடர்பாளையத்தில் காவிரி நீரை ராஜா வாய்க்காலுக்குத் திருப்பிய அல்லாள இளைய நாயக்கரை அந்தப் பாசனப் பகுதி இன்றும் பெயர் சொல்லிக் கும்பிடுகிறது. இதே மண்ணின் பணம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வானத்துக்குப் போனதை யாரும் சொல்வதில்லை. ஜேடர்பாளையம் அன்று சேலம் மாவட்டத்தில், மதராஸ் மாகாணத்தில் இருந்தது. பிரிட்டனின் ராயல் விமானப்படையில் 79, 234, 264 என்ற மூன்று ஸ்குவாட்ரன்கள் ‘மதராஸ் பிரசிடென்ஸி’ என்ற பெயரைத் தாங்கின. மாகாணம் அளித்த போர் நிதிக்கான மரியாதை அது. 139-ஆம் ஸ்குவாட்ரனுக்கு ‘ஜமைக்கா’ என்று பெயர் வந்ததும் இதே வழியில்தான். கிளீனர் என்ற அத்தீவின் நாளிதழ் குண்டுவீச்சு விமானம் வாங்க நிதி திரட்டியது.

பிரிட்டனின் போரில் ஆப்பிரிக்கர், கரீபியர், இந்தியர் பங்களிப்பு என்றால் வீரர்களைத்தான் முதலில் நினைக்கிறோம். அது நியாயமே. 1939 அக்டோபர் வரை ராயல் விமானப்படையில் அதிகாரியாக ஐரோப்பிய வம்சாவளி வேண்டும் என்ற விதி இருந்தது. போர் நெருக்கியதும் அதைத் தளர்த்தினார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து சுமார் 6,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் தரைப் பணியாளர்கள். டிரினிடாட்டின் உல்ரிக் கிராஸ் மஸ்கிட்டோ விமானங்களில் வழிகாட்டியாகப் பறந்து இரண்டு உயர் விருதுகள் பெற்றார். அவர் பறந்தது அந்த ‘ஜமைக்கா’ ஸ்குவாட்ரனில். இந்தியர்களுக்கு 1932-இல் தனியாக இந்திய விமானப்படையை அமைத்தார்கள். 1940-இல் அங்கிருந்து 24 விமானிகள் பிரிட்டனுக்கு அழைக்கப்பட்டார்கள். மகிந்தர் சிங் புஜ்ஜி அவர்களில் ஒருவர். இவர்களுக்காவது பெயர் எஞ்சியிருக்கிறது. பணம் கட்டியவனுக்கு ஸ்குவாட்ரன் பெயரில் ஒட்டிய மாகாணத்தைத் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை. அவனையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும் என்பது என் வாதம்.

ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு நன்கொடை விலையாக 5,000 பவுண்ட் என்று பிரிட்டன் நிர்ணயித்திருந்தது. ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் அது சுமார் 66,700 ரூபாய். நிலவரி கட்டவே திணறிய குடியானவர்களின் மாகாணத்துக்கு இது சில்லறை அல்ல. மதராஸ் பெயர் தாங்கியவற்றில் 264-ஆம் ஸ்குவாட்ரன் 1940-இல் ஓட்டியது டிஃபையன்ட் விமானம். விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். முன்னோக்கிச் சுட ஒன்றுகூடக் கிடையாது. 1940 மே மாதம் டன்கிர்க் வானில் அது எதிரியைத் திகைக்க வைத்தது. ஆகஸ்டில் பலத்த இழப்புகளுக்குப் பின் பகல் போரிலிருந்து விலக்கப்பட்டு இரவுக் காவலுக்குப் போனது. 79-ஆம் ஸ்குவாட்ரனோ 1942-இல் இந்தியாவுக்கே வந்து, ஹரிகேன் விமானங்களில் பர்மா முனையில் போரிட்டது.

அந்த நிதி மனமுவந்து கொடுத்ததா என்பதுதான் வலுவான மறுப்பு. கலெக்டரும் தாசில்தாரும் கேட்கும்போது கிராமத்தான் மறுத்துவிட முடியுமா? நாட்டைக் கேட்காமலே அரசு போரில் இறக்கியது என்று காங்கிரஸ் அமைச்சரவைகள் 1939-இல் பதவி விலகின. போருக்கு ஆளும் பணமும் தருவது தவறு என்று முழங்கிய தனிநபர் சத்தியாகிரகத்தில் ராஜாஜி 1940 டிசம்பரில் கைதானார். அவர் 1925-இல் ஆசிரமம் தொடங்கிய புதுப்பாளையம் திருச்செங்கோட்டுப் பக்கம், ஜேடர்பாளையத்துக்குத் தொலைவில்லை. ஆகவே இந்த நிதியை ராஜவிசுவாசத்தின் சான்றாகக் காட்டுவது பொய். ஆனால் விசுவாசம் இல்லை என்பதால் பங்களிப்பும் இல்லை என்றாகாது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தது கடனாக இன்னும் கனக்கிறதே தவிர, குறைவதில்லை. ஏகாதிபத்தியப் போரில் நமக்கென்ன பெருமை என்பார்கள். பெருமை கேட்கவில்லை, யார் கொடுத்தார்கள் என்ற பதிவைத்தான் கேட்கிறேன்.

லண்டனின் பிரிக்ஸ்டனில் 2017-இல் ஆப்பிரிக்க, கரீபிய வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. நமக்குக் கல் அவசரமில்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் யார் வீட்டுப் பழைய பெட்டியிலாவது அக்காலத்துப் போர் நிதி ரசீது கிடந்தால் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கல்லூரி வரலாற்றுத் துறையிடமோ ஆவணக் காப்பகத்திடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.