திரையில் ஒளிரும் கலைச்செல்வங்களும் தொலைந்துபோன எழுவாயும்

"இச்சிற்பம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அருங்காட்சியகத்தை வந்தடைந்தது."

கலைச்செல்வங்களைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படங்களைப் பார்ப்பவர்கள் இத்தகைய வாக்கியத்தைப் பலமுறை கேட்டிருப்பார்கள். இலக்கணப்படி அதில் பிழை ஏதும் இல்லை. ஆயினும், மொழியியல் பயின்ற பழக்கத்தால் என் செவியில் அது எப்போதும் இடறுகிறது. எழுவாய் ஒரு சிற்பம். பயனிலையோ வழிநடந்து வருபவருக்கு உரிய வினை. அதைப் பெயர்த்தவர், கப்பலேற்றியவர், விற்றவர், வாங்கியவர் ஆகிய எவருக்கும் அவ்வாக்கியத்தில் இடமில்லை. இவர்கள் தொலைந்த கதையையும், ஓரளவு மீண்ட கதையையும் பிரித்தானியத் தொலைக்காட்சியின் வரலாற்றைக் கொண்டு இங்கே தொகுத்துப் பார்க்கிறேன்.

1952-இல் பிபிசி 'அனிமல், வெஜிடபிள், மினரல்?' என்னும் வினாடி வினா நிகழ்ச்சியைத் தொடங்கியது. அருங்காட்சியகங்கள் தம் சேகரத்திலிருந்து ஓர் அரும்பொருளை அனுப்பும். அறிஞர் குழு அதைக் கையிலெடுத்து அடையாளம் காண வேண்டும். அக்குழுவின் நட்சத்திரம் மார்ட்டிமர் வீலர். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்து, 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தியவர் என்ற வகையில் நமக்கும் அறிமுகமானவர். இது என்ன, எவ்விடத்தது, எக்காலத்தது என்பவையே அவ்விளையாட்டின் வினாக்கள். இங்கு எவ்வாறு வந்தது என்ற வினா விளையாட்டின் விதிக்குள் இல்லை.

அவ்வினாவை வேறொருவர் எழுப்பாமலும் இல்லை. 1953-இல் பிரான்சில் அலென் ரெனேயும் கிறிஸ் மார்க்கரும் 'சிலைகளும் இறக்கின்றன' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார்கள். ஆப்பிரிக்கச் சிற்பங்கள் தம் மண்ணிலிருந்தும் சடங்கிலிருந்தும் பிரிக்கப்பட்டுக் கண்ணாடிப் பேழைக்குள் உயிரிழக்கின்றன என்று அது வாதிட்டது. காலனியாட்சியைச் சாடிய அப்படத்தின் பிற்பகுதியைப் பிரெஞ்சுத் தணிக்கைத் துறை பத்தாண்டுகளுக்கும் மேலாக வெளிவர விடவில்லை. எழுவாய் தானாகத் தொலைவதில்லை. சில வேளைகளில் ஆணையிட்டே தொலைக்கப்படுகிறது.

1969-இல் கென்னத் கிளார்க்கின் 'சிவிலைசேஷன்' ஒளிபரப்பாயிற்று. பிபிசி இரண்டாம் அலைவரிசையின் பொறுப்பிலிருந்த டேவிட் அட்டன்பரோ, புதிதாக வந்த வண்ணத் தொலைக்காட்சியின் ஆற்றலைக் காட்ட விரும்பி அமைத்த 13 பகுதித் தொடர் அது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் முன்னாள் இயக்குநரான கிளார்க், கல்லையும் வண்ணத்தையும் உண்மையான காதலோடு அணுகியவர். அத்தொடரை இன்று பார்ப்பவரும் அதை உணரலாம். ஆயினும் முதற்பகுதியில் அவர் வத்திக்கானின் அப்பல்லோ சிலையையும் ஓர் ஆப்பிரிக்க முகமூடியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, உயர்ந்த நாகரிகத்தின் வெளிப்பாடு அப்பல்லோவே என்று ஐயமின்றித் தீர்ப்பளிக்கிறார். மேற்கு ஐரோப்பாவை மட்டும் பேசும் தொடருக்கு அத்தலைப்பு பொருந்துமா என்ற உறுத்தல் அவருக்கே இருந்தது. தொடரை நூலாக்கியபோது அதை ஒப்புக்கொண்டார். தலைப்பு மட்டும் மாறவில்லை.

மூன்றாண்டுகளில் மறுமொழி வந்தது. 1972-இல் ஜான் பெர்ஜரின் 'வேஸ் ஆஃப் சீயிங்' நான்கே பகுதிகளில் கிளார்க்கின் அமைதியைக் குலைத்தது. பொத்திச்செல்லியின் 'வீனஸும் மார்ஸும்' ஓவியத்தின் படியொன்றைக் கத்தியால் கிழித்து வீனஸின் முகத்தைத் தனியே எடுப்பதுதான் அதன் தொடக்கக் காட்சி. ஓவியத்தின் எப்பகுதியில் நம் கண் தங்க வேண்டும் என்பதைக் கேமராவும், நாம் என்ன உணர வேண்டும் என்பதைப் பின்னணி இசையும் முடிவுசெய்கின்றன என்று அவர் செய்தே காட்டினார். தம் சொற்களையும் ஐயத்தோடு அணுகுமாறு பார்வையாளரை வேண்டினார். ஆயினும் அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியங்களே. ஓவியம் யாருடைய உடைமை என்று கேட்ட பெர்ஜர், கடல் கடந்து கொண்டுவரப்பட்ட பொருள்களின் பக்கம் செல்லவில்லை.

அப்பக்கம் செல்ல மேலும் 46 ஆண்டுகள் ஆயின. 2018-இல் கிளார்க்கின் தலைப்பைப் பன்மையாக்கி 'சிவிலைசேஷன்ஸ்' என்ற தொடர் வந்தது. மேரி பியர்ட், சைமன் ஷாமா, டேவிட் ஒலுசோகா ஆகிய மூவர் அதை வழங்கினர். நைஜீரியாவில் பிறந்த ஒலுசோகா, பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பெனின் வெண்கலங்களின் முன் நின்று, 1897-இல் பிரித்தானியப் படை பெனின் நகரைத் தாக்கிச் சூறையாடிய வரலாற்றைச் சொல்கிறார். வெண்கலங்கள் 'வந்தடையவில்லை', அவற்றை எடுத்தவர் இருந்தனர். ஒரு விகுதி பன்மையானதும் வாக்கியத்திற்குள் எழுவாய் திரும்பியதும் ஒரே தொடரில் நிகழ்ந்தன என்பது மொழியியல் மாணவருக்குச் சுவையான செய்தி.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2022-இல் ஜெர்மனி தன்னிடமிருந்த பெனின் வெண்கலங்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றித் தர உடன்பட்டது. லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகமும் 72 பொருள்களின் உரிமையை ஒப்படைத்தது. சேகரத்திலுள்ள பொருள்களைக் கைவிடுவதை 1963-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் தடுப்பதால் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் நிலை வேறாக உள்ளது. 'வந்தடைந்த' பொருளைத் திருப்பித் தருமாறு கேட்க முடியாது. 'எடுத்துச் சென்ற' பொருளைத்தான் கேட்க முடியும். முதல் வாக்கியத்தை ஏற்றுக்கொண்டவர்க்கு வழக்கே இல்லை.

நம் பல்கலைக்கழகங்களில் கலைவரலாறு பயிலும் மாணவர்களில் பெரும்பாலோர் இந்த அருங்காட்சியகங்களுக்குள் கால்வைக்கப் போவதில்லை. விசாவும் பயணச்செலவும் அதற்கு இடந்தரா. ஆகவே விடுதி அறையின் மடிக்கணினித் திரையே நமக்கு அருங்காட்சியகம். வருணனையாளரின் குரலே வழிகாட்டி. அதனால்தான் வகுப்பில் இத்தொடர்களைத் திரையிடும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஐந்து நிமிடம் படத்தை அணைத்துவிட்டு வருணனையை மட்டும் ஒலிக்கச் செய்யுங்கள். மாணவர்கள் ஒவ்வொரு வினைக்கும் எழுவாயைத் தேடி எழுதட்டும். எழுவாய் கிடைக்காத இடங்களில் ஒரு கோடு இடட்டும்.

ஆய்வு தொடங்க வேண்டிய இடங்கள் அக்கோடுகளே.