திருப்பினா திரும்ப மாட்டேங்குதா ஆர்.சி ஸ்பீடு போட்? கோளாறு எங்கேன்னு கண்டுபிடிக்கிறது இப்படித்தான்!

ரிமோட் வீலை வலது பக்கம் முழுசா திருப்புறீங்க. படகு காதிலேயே வாங்காத மாதிரி நேரா கரையில இருக்கிற கல்லைப் பார்த்துப் போகுது. எலெக்ட்ரிக் ஆர்.சி ஸ்பீடு போட் ஓட்டுற எல்லாருக்கும் பழக்கமான காட்சிதான் இது. உடனே பலரும் செய்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, ட்ரிம் பட்டனைப் போட்டு அமுக்கிக்கிட்டே இருப்பாங்க. இல்லைன்னா புது சர்வோ ஆர்டர் போடுவாங்க. பல நேரம் கோளாறு ரெண்டுலயும் இருக்காது.

விளையாட்டுச் சாமான்தானே என்று விட்டுவிடவும் முடியாது. டிராக்ஸாஸ் ஸ்பார்ட்டன் மாதிரியான 36 இன்ச் படகுகள் மணிக்கு 80 கி.மீ வேகத்தைத் தொடும் என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர். ஒரே ஒரு நொடி ஸ்டீயரிங் போனால், உங்கள் படகு கிட்டத்தட்ட ரெண்டு டவுன் பஸ் நீளத்துக்குக் கட்டுப்பாடில்லாமல் பாயும். பின்னால் கத்தி மாதிரி சுழலும் ப்ரொப்பெல்லர். எதிரே ஒருத்தர் காலை நனைத்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்னால் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்குங்க. கோளாறு எப்போ வருது? கரையில் வைத்திருக்கும்போதே இருக்கா, தண்ணீரில் வேகம் எடுத்த பிறகா, தூரம் போனாலா, ஆக்ஸிலரேட்டரும் ஸ்டீயரிங்கும் ஒண்ணா கொடுக்கும்போதா? இந்தக் ‘எப்போ’வுக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல மேஜை மேல வைங்க

ப்ரொப்பெல்லரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பிங்க. இதில் சோம்பேறித்தனம் வேண்டாம், விரல் முக்கியம். முதலில் ரிமோட்டை ஆன் பண்ணிட்டு, பிறகு படகுக்கு பேட்டரி கனெக்‌ஷன் கொடுங்க. அணைக்கும்போது இது தலைகீழ்.

இப்போ வீலைத் திருப்பிப் பாருங்க. பின்னால் இருக்கும் சுக்கான், அதாவது கடையில் ரடர் என்று கேட்டு வாங்கும் அந்தப் பட்டை, ரெண்டு பக்கமும் ஒரே அளவு திரும்ப வேண்டும். கொஞ்சமாகத்தான் அசையுதா? ரிமோட்டில் ‘டி/ஆர்’ என்று ஒரு குமிழ் இருக்கும். வீலை முழுசா திருப்பினால் சர்வோ எவ்வளவு திரும்பணும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பையில் போட்டு எடுத்து வரும்போது அது உருண்டு குறைந்துபோயிருக்கும். ‘புது சர்வோ வாங்கலாமா’ என்ற பல கேள்விகளுக்கு இந்தக் குமிழ்தான் பதில். சுக்கான் எதிர்ப்பக்கம் திரும்பினால் ரிவர்ஸ் ஸ்விட்ச் மாறியிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

அடுத்து, சுக்கானின் கீழ் நுனியை ரெண்டு விரலில் பிடித்து லேசா ஆட்டிப் பாருங்க. சர்வோவின் கை அசையாமல் சுக்கான் மட்டும் ஆடினால் நடுவில் எங்கேயோ லூஸ். கம்பி நுழையும் ஓட்டை தேய்ந்திருக்கலாம், சுக்கானின் நடு போல்ட் தளர்ந்திருக்கலாம், சர்வோ கையை இறுக்கும் ஸ்க்ரூவே கழன்றிருக்கலாம். நுனியில் ரெண்டு மில்லிமீட்டர் ஆட்டம்கூட, ஃபுல் ஸ்பீடில் படகைப் பாம்பு மாதிரி நெளிய வைத்துவிடும்.

இன்னொரு சோதனைக்கு நண்பர் ஒருத்தர் வேணும். அவர் சுக்கானை லேசாகப் பிடித்துக்கொள்ள, நீங்க வீலைத் திருப்புங்க. உள்ளே தள்ளுகம்பி வில் மாதிரி வளைந்தால் அது ரொம்ப மெலிசு. மேஜையில் அழகாக வேலை செய்யும், தண்ணீரின் அழுத்தத்தில் வளைந்து கொடுத்துவிடும். ‘கரையில் சரியா இருக்கு, தண்ணியில இல்ல’ என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

சும்மா இருக்கும்போதே சர்வோ ‘ங்ங்ங்’ என்று முனகுதா? கம்பியைக் கழற்றிவிட்டு சுக்கானைக் கையால் திருப்பிப் பாருங்க. வெண்ணெய் மாதிரி திரும்பணும். இறுகினால் போல்ட்டை அதிகமா முறுக்கியிருக்கீங்க, இல்லைன்னா தண்ணீர் புகாமல் இருக்க மாட்டிய ரப்பர் உறை கெட்டியாகிவிட்டது. அதைச் சரி பண்ணாமல் பெரிய சர்வோ போடுவது, ஹேண்ட்பிரேக்கை எடுக்காமல் கார் ஓட்டுகிற கதைதான்.

ட்ரிம் பற்றி ஒரு வார்த்தை. நேராக நிற்காத சுக்கானை ட்ரிம் வைத்து நேராக்காதீங்க. ட்ரிம்மை நடுவில் வைத்து, சர்வோ கையைச் செங்குத்தாக மாட்டி, கம்பியின் நுனியில் இருக்கும் கிளிப்பைச் சுற்றிச் சுற்றி நீளத்தைச் சரிசெய்யுங்க. ட்ரிம்மை ஒரு கோடி வரை தள்ளினால் பல ரிமோட்களில் ஒரு பக்கத் திருப்பம் குறைந்துவிடும். மறுநாள் ‘இடது மட்டும் திரும்ப மாட்டேங்குது’ன்னு அடுத்த பிரச்னை ஆரம்பிக்கும்.

ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா ஸ்டீயரிங் போகுதா?

இதுதான் ஆளைக் குழப்பும் கோளாறு, ஆபத்தானதும் இதுதான். மேஜையில் எல்லாம் கச்சிதம். தண்ணீரில் மெதுவாகவும் ஓகே. ஃபுல் த்ராட்டிலில் ஒரு திருப்பம் போட்டால் சுக்கான் அப்படியே உறைந்துபோகும். ரெண்டு நொடி கழித்து ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப வேலை செய்யும்.

காரணம் பெரும்பாலும் மின்சாரம். மோட்டாரை இயக்கும் இ.எஸ்.சி-க்குள் பி.இ.சி என்று ஒரு சின்ன சர்க்யூட் உண்டு. பேட்டரியின் வோல்டேஜைக் குறைத்து 5 அல்லது 6 வோல்ட்டாக ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கொடுப்பது அதன் வேலை. வேகத்தில் திரும்பும்போது தண்ணீர் சுக்கானை எதிர்த்துத் தள்ளும். சர்வோ முட்டிக்கொண்டு கரன்ட்டை உறிஞ்சும். பி.இ.சி தாங்காவிட்டால் வோல்டேஜ் சரியும், ரிசீவர் ஒரு கணம் மயக்கம் போட்டு எழுந்திருக்கும். அந்த ஒரு கணத்தில் எத்தனை மீட்டர்னு மேலே பார்த்தோம்.

இதை வீட்டிலேயே பிடிக்கலாம். ப்ரொப்பெல்லர் இல்லாமல், சுக்கானைக் கையால் அழுத்திப் பிடித்தபடி வீலைத் திருப்புங்க. ரிசீவரில் எரியும் குட்டி விளக்கு சிமிட்டினால் திருடன் கிடைச்சுட்டான். தீர்வு, முதலில் இறுக்கத்தைச் சரிசெய்வது. அதுக்கப்புறமும் தொடர்ந்தால் தனி யூ.பி.இ.சி ஒண்ணு மாட்டலாம். மாட்டும்போது இ.எஸ்.சி-யில் இருந்து ரிசீவருக்கு வரும் மூணு ஒயர்களில் நடுவில் இருக்கும் சிவப்பை பிளக்கில் இருந்து எடுத்து, டேப் சுற்றிவிட மறக்காதீங்க. ரெண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் சப்ளை வரக் கூடாது.

இங்கே ஒரு சின்ன வித்தியாசத்தைக் கவனிங்க. மோட்டார் திக்கித் திக்கி ஓடுது, ஆனா சுக்கான் ஒழுங்கா திரும்புதுன்னா பேட்டரி களைத்துவிட்டது. அதைக் காப்பாற்ற இ.எஸ்.சி தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. ஸ்டீயரிங், மோட்டார் ரெண்டுமே உங்க பேச்சைக் கேட்கலைன்னா ரிசீவருக்குக் கரன்ட் போகலை, இல்லைன்னா சிக்னல் போகலை. ரெண்டில் எது? தூரம் போகப்போக வந்தால் சிக்னல். பக்கத்திலேயே, லோடு கொடுக்கும்போது வந்தால் கரன்ட்.

சிக்னல் என்றால் ஆன்டெனாவைப் பாருங்க. இப்போதைய ரிமோட்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அந்த அலைகளைத் தண்ணீர் விழுங்கிவிடும். ரிசீவர் ஒயரின் நுனியில் உறை இல்லாமல் இருக்கும் சுமார் 31 மில்லிமீட்டர்தான் உண்மையான ஆன்டெனா. அது படகின் அடியில் சுருண்டு கிடந்தால், கரையில் சூப்பராக வேலை செய்து 60 மீட்டர் போனதும் கைவிட்டுவிடும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, செங்குத்தாக ஒரு பிளாஸ்டிக் குழாயில் நிறுத்துங்க. கார்பன் ஃபைபர் படகு என்றால் ஆன்டெனா வெளியே வந்தே ஆகணும், அந்த மெட்டீரியல் சிக்னலை மறைக்கும். விலை குறைவான பிரஷ்டு மோட்டார் படகில், மோட்டார் ஓடினாலே சர்வோ உதறுதா? மோட்டாரின் முனைகளில் சாலிடர் பண்ணியிருக்கும் குட்டி கெப்பாசிட்டர் விட்டுப்போயிருக்கான்னு பாருங்க.

வேகம் எடுத்தால் ஒரு பக்கமா இழுக்குதா?

எலெக்ட்ரிக்கல் எல்லாம் சரி, லூஸும் இல்லை, ஆனாலும் வலது பக்கமே இழுக்குதுன்னா உங்க படகு கெட்டுப்போகலை. இயற்பியல் வேலை செய்கிறது.

இந்தப் படகுகளில் ப்ரொப்பெல்லர் பாதி தண்ணீருக்கு வெளியேதான் சுழலும். பின்னாலிருந்து பார்க்கும்போது அது இடஞ்சுழியாகச் சுற்றினால், தண்ணீருக்குள் இருக்கும் இலைகள் வலது பக்கமாகத் துடுப்பு போடும். படகின் வால் இடதுபக்கம் தள்ளப்படும், மூக்கு வலதுபக்கம் திரும்பும். கூடவே, சுழற்சிக்கு எதிர்வினையாகப் படகின் வலது விளிம்பும் கொஞ்சம் தண்ணீரில் அமுங்கும். வலஞ்சுழி ப்ரொப்பெல்லரில் எல்லாமே தலைகீழ். எதிரெதிராகச் சுற்றும் ரெண்டு ப்ரொப்பெல்லர் இருந்தால் ஒன்றை ஒன்று சமன்செய்துவிடும்.

பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் எதிர்ப்பக்கம் நகர்த்திப் பாருங்க. ஆச்சர்யமா இருக்கும், பல படகுகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும். பிறகு பின்பக்க ட்ரிம் டேப் ரெண்டும் ஒரே கோணத்தில் இருக்கான்னும், ப்ரொப்பெல்லரைத் தாங்கும் ஸ்ட்ரட் கோணலாகலையான்னும் பாருங்க. மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்கு மட்டும் ட்ரிம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். மூணை ஒண்ணா மாற்றினால் எது வேலை செய்ததுன்னு கடைசிவரை தெரியாது.

வலது பக்கம் வெண்ணெயா திரும்புது, இடதுல திருப்பினா வழுக்குது அல்லது கவிழுது என்றால் பதற வேண்டாம். அமெரிக்காவில் இந்தப் படகுப் பந்தயங்கள் கடிகாரச் சுற்றில் நடக்கும், எல்லாத் திருப்பமும் வலதுதான். அந்தப் பாணியில் செய்த படகுகளில் சுக்கானும், தண்ணீரைக் கிழித்துப் பிடிமானம் கொடுக்கும் டர்ன் ஃபின்னும் வலது ஓரத்தில் இருக்கும். இடதுபக்கம் சாயும்போது அவை மேலே தூக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட படகில் இடது திருப்பத்துக்கு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

வேகத்தில் எந்தப் பக்கமும் திரும்பாமல் சறுக்கினால் சுக்கானின் முன் விளிம்பைத் தடவிப் பாருங்க. கல்லில் பட்டு மழுங்கியிருந்தால் அந்த இடத்தில் காற்று புகுந்து சுக்கானைப் போர்த்திக்கொள்ளும். பிறகு அது தண்ணீரைத் தொடுவதே இல்லை. மெல்லிய உப்புக் காகிதத்தால் தேய்த்துக் கூராக்குங்க. ‘இன்னும் அதிகமா திருப்பினா பிடிக்கும்’னு நினைக்காதீங்க. சுமார் 35 டிகிரியைத் தாண்டினால் சுக்கான் பிரேக் மாதிரி நிற்குமே தவிர, படகைத் திருப்பாது.

நேராகப் போகும்போது இடம், வலம், இடம் என்று தொட்டில் மாதிரி ஆடுவது வேறு கதை. அது எடைச் சமநிலை. வி வடிவ அடி கொண்ட படகில் எடை மையம் பின்பக்கத்தில் இருந்து மொத்த நீளத்தில் 30 சதவிகிதம் அருகே இருக்கணும் என்பது பொதுவான கணக்கு. பேட்டரியை முன்னால் நகர்த்துங்க, தரையோடு தரையாக வைங்க.

முதல் ரெண்டு நிமிடம் ஒழுங்கா ஓடிட்டு அப்புறம் மாறுதா? மூடியைத் திறந்து தண்ணீர் புகுந்திருக்கான்னு பாருங்க. உள்ளே நூறு மில்லி தண்ணீர் இருந்தாலும் திருப்பத்துக்குத் திருப்பம் இங்கேயும் அங்கேயும் ஓடும். சுக்கானில் பாசியோ, ஆகாயத்தாமரை வேரோ சுற்றியிருக்கலாம். சுக்கான் சும்மா தொங்கினால், எதிலோ மோதி அதன் பிளாஸ்டிக் போல்ட் உடைந்திருக்கும். சுக்கானும் படகும் உடையாமல் இருக்க, தான் உடைவதற்காகவே வைத்த போல்ட் அது. அந்த இடத்தில் ஸ்டீல் போல்ட் போட்டு ‘ஸ்ட்ராங்’ ஆக்கிடாதீங்க!

இன்னொண்ணு. சுக்கானே இல்லாத, ரெண்டு மோட்டார் பொம்மைப் படகு உங்களுடையது என்றால் மேலே சொன்னதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. ஒரு மோட்டாரை மெதுவாக்கித்தான் அது திரும்புகிறது. வட்டமடிச்சுக்கிட்டே இருந்தால் ஒரு பக்க ப்ரொப்பெல்லரில் முடியோ பாசியோ மாட்டியிருக்கும். ஜெட் டிரைவ் படகோ ஆக்ஸிலரேட்டரை விட்டால் திரும்பவே திரும்பாது. பயந்துபோய் விரலை எடுத்தால் நேராகப் போய் மோதும்.

தண்ணீரில் விடும் முன்

ஃபெயில்-சேஃப் சரியா இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. ப்ரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு ரிமோட்டை அணைச்சா, மோட்டார் தானா நிற்கணும். நிற்கலைன்னா ரிசீவரில் ஃபெயில்-சேஃபை நியூட்ரலில் செட் பண்ணாமல் தண்ணீர்ப் பக்கமே போகாதீங்க. ஆள் குளிக்கிற, மாடு இறங்குற, பறவைகள் கூடுற நீர்நிலை இந்த விளையாட்டுக்கு ஏத்த இடம் இல்லை.

படகு நடுத் தண்ணீரில் நின்னுபோச்சுன்னா நீந்திப் போய் எடுக்கலாம்னு தோணும். வேண்டவே வேண்டாம். பாசியும் சேறும் எங்கே எவ்வளவு ஆழம்னு கரையில் இருந்து தெரியாது. தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி விழற மாதிரி வீசுங்க. மெதுவா இழுத்தால் நரம்பு படகில் மாட்டிக்கும், பந்து அதை அணைச்சுக்கிட்டே கரைக்கு வரும். வந்ததும் முதல் வேலையா பேட்டரியைக் கழற்றிட்டு, மூடியைத் திறந்து நிழலில் காயவிடுங்க.