ஒரு நாடாளுமன்றம் பிறந்த கதை – 7: தோற்றவரும் சபைக்குப் போனார்!

1999 மே 6. ஸ்காட்லாந்து மக்கள் 292 ஆண்டுகளுக்குப் பிறகு தங்களுக்கென ஒரு நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். 1979 பொதுவாக்கெடுப்பில் ஆதரவு வாக்குகளே அதிகம் விழுந்தும், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனை காலை வாரிவிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1997 பொதுவாக்கெடுப்பில் அந்தத் தடை இல்லை; அதனால்தான் இந்தத் தேர்தல். வாக்குச்சாவடிக்குள் போனவர் கையிலோ இரண்டு வாக்குச்சீட்டுகள்!

ஒன்று தொகுதிக்கு, மற்றொன்று வட்டாரத்துக்கு. 129 உறுப்பினர்களில் 73 பேர் தொகுதிகளிலிருந்து வருவார்கள். மீதி 56 பேர், 8 வட்டாரங்களிலிருந்து தலா 7 பேராகக் கட்சிப் பட்டியல் வழியே வருவார்கள்.

கிளாஸ்கோ வட்டாரத்தில் 10 தொகுதிகள். எண்ணி முடித்தபோது பத்தும் லேபர் கட்சிக்கே! கோவன் தொகுதியில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி சார்பில் நின்ற 28 வயது வழக்கறிஞர் நிக்கோலா ஸ்டர்ஜனும் தோற்றார். அத்துடன் கதை முடிந்ததா?

இல்லை. வட்டாரச் சீட்டுகள் இருந்தனவே! லேபருக்கு 1,12,000 சொச்சம் வாக்குகள், தேசியக் கட்சிக்கு 65,000 சொச்சம். ஆனால் விதி வேறு. ஒரு கட்சி ஏற்கெனவே பிடித்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணால் அதன் வாக்கை வகுக்க வேண்டும்; விடை எந்தக் கட்சிக்கு அதிகமோ, அதற்கே இடம். லேபரிடம் 10 இடங்கள் இருந்ததால் 11-ஆல் வகுத்தார்கள். லட்சத்தைத் தாண்டிய வாக்கு பத்தாயிரம் சொச்சமாகச் சுருங்கியது. தேசியக் கட்சிக்கோ வகுக்கும் எண் 1. முதல் இடம் அதற்குப் போனது. பிறகு 2-ஆல் வகுத்தும் 32,000-க்கு மேல். இரண்டாவது இடமும் அதற்கே. மூன்றாவதும் அப்படித்தான். அடுத்து கன்சர்வேட்டிவ், ஸ்காட்டிஷ் சோஷலிஸ்ட், லிபரல் டெமாக்ரட் கட்சிகளுக்கு ஒவ்வொன்று. ஏழாவது மறுபடியும் தேசியக் கட்சிக்கு. லேபருக்கு ஒன்றுமில்லை.

கோவனில் தோற்ற ஸ்டர்ஜன் பட்டியல் வழியே உறுப்பினரானார். 2014-இல் அவரே முதலமைச்சர்!

இது கொல்லைப்புற வழி என்று குறைகூறுபவர்கள் உண்டு. நான் ஏற்க மாட்டேன். வட்டாரச் சீட்டில் கிளாஸ்கோ மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் லேபருக்கு வாக்களிக்கவில்லை. அவர்களுக்காகப் பேச சபையில் ஒருவரும் இல்லாமல் போவதுதான் அநியாயம். தனி நாடாளுமன்றமே வேண்டாம் என்று 1997-இல் பிரசாரம் செய்த கன்சர்வேட்டிவ் கட்சி, 73-இல் ஒரு தொகுதியைக்கூட வெல்லவில்லை. அந்தக் கட்சிக்கும் பட்டியல் 18 உறுப்பினர்களைத் தந்தது!

இத்தனைக்கும் இந்த முறையைச் சட்டமாக்கியது லேபர் அரசுதான். தொகுதிகள் மட்டும் என்றால் 73-இல் 53 அவர்களுடையது; தனியாகவே ஆண்டிருக்கலாம். இப்போது 129-இல் 56. பெரும்பான்மைக்கு இன்னும் 9 பேர் வேண்டும்.

லேபர் தலைவர் டொனால்ட் டூவரின் பார்வை, 17 இடங்கள் வைத்திருந்த லிபரல் டெமாக்ரட் பக்கம் திரும்பியது. அவர்களோ பல்கலைக்கழகக் கல்விக் கட்டணத்தை ஒழிப்போம் என்று மக்களிடம் வாக்குக் கொடுத்தவர்கள். அந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்ததே லண்டனில் இருந்த லேபர் அரசு!

பேச்சுவார்த்தையில் இறங்கி வந்தது யார்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)