கோடைக் கனியும் குழந்தைப் பாலும்

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலே கோடை குறுகியது, ஆயினும் கொழுத்தது. யூன் மாதத்தில் ஸ்ரோபரிப் பழம் சிவக்கும். அதன் பின்னே பச்சைப் பட்டாணியும் செரியும் அவரையும் வரும். ஓகஸ்ட் மாதத்திலே தக்காளியும் சோளமும் பீச் பழமும் குவியும். நீண்ட பனிக்காலம் முழுவதும் உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த பயறும் நிலவறையிற் காத்த கிழங்குமாய்க் காலங்கழித்த குடும்பங்களுக்கு இந்தச் சில மாதங்களே பச்சையுணவின் காலம். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அந்நாட்டுக் கைக்குழந்தைகள் மிகுதியாக மாண்ட காலமும் இதுவே. வயிற்றுப்போக்குக் கண்டு, சில நாளிலே துவண்டு, கண் குழிந்து மடிந்த அக்குழந்தைகளின் பிணியைக் ‘கோடை நோய்’ என்றே வட அமெரிக்கத் தாய்மார் வழங்கினர்.

கனியும் நோயும் ஒரே வேளையில் வந்தமையால் பழி கனியின்மேல் விழுந்தது. 1832ஆம் ஆண்டிலே கொலரா நோய் வட அமெரிக்க நகரங்களிற் பரவியபோது பழமும் பச்சைக் காய்கறியுமே அதற்குக் காரணமென்று பலரும் அஞ்சினர். அந்த அச்சம் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. பால்குடி மறந்த குழந்தைக்கும் பழந் தரலாகாது. காய்கறி தருவதாயின் நெடுநேரம் வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட்டுத் தரவேண்டும் என்றனர். குழந்தை வைத்தியத்திற் பெயர்பெற்ற நியூயோர்க் வைத்தியர் எமெற் ஹோல்ற் 1894இல் வினாவிடையாக எழுதி வெளியிட்ட நூல் அமெரிக்கத் தாய்மாரின் கைந்நூலாயிற்று. அந்நூலும் காய்கறியை மிகத் தாமதித்தே குழந்தையின் தட்டுக்கு அனுமதித்தது. பிள்ளைபெற்ற வீட்டிலே பழத்தைக் ‘குளிர்மை’ என்று விலக்கும் வழக்கை அறிந்த யாழ்ப்பாணத்தவருக்கு இந்த அச்சம் விநோதமாகத் தோன்றாது.

உண்மையான குற்றவாளி பால். விடியலிற் கறந்த பால் மூடியற்ற பாத்திரங்களிலே, வெயிலேறும் தெருக்களில், ஈ மொய்க்க மொய்க்க வண்டியில் வந்தது. வீட்டிலே அதைக் குளிர்ச்சியாக வைக்க வசதியுடையோர் சிலரே. அப்பால் நீண்ட இறப்பர்க் குழாய் பூட்டிய போத்தலில் ஊற்றப்பட்டது. குழாயின் உட்புறத்தைக் கழுவ எவராலும் இயலவில்லை. தாய்ப்பால் ஒன்றையே உண்ட குழந்தைகள் கோடை நோயிலிருந்து பெரும்பாலும் தப்பின. கண்ணெதிரே கிடந்த இந்தச் சான்று நெடுங்காலம் மதிக்கப்படாமற் போனது வியப்பே.

ஹமில்ரன் நகரிலே தளபாட உற்பத்தியாளர் ஒருவரின் மனைவியாக வாழ்ந்தவர் அடிலெய்ட் ஹூட்லெஸ். பண்ணை வீட்டிலே பிறந்து வளர்ந்தவர், வறியவருமல்லர், கல்லாதவருமல்லர். 1889ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, பிறந்து 14 மாதமேயான அவருடைய கடைசி மகன் இறந்தான். கெட்ட பாலே அக்குழந்தையின் உயிரைக் குடித்தது என்பது மாதர் சங்கங்களிலே வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் மேடைதோறும் வற்புறுத்தியது ஒன்றே: குழந்தைக்கு உணவாக்கும் கலையைப் பெண்கள் முறையாகக் கற்கவேண்டும். மாட்டுக்கு எந்தத் தீனி தகும் என்று ஆராயும் கமக்காரர், வீட்டுப் பிள்ளை உண்பதைப்பற்றி அத்துணை ஆராய்வதில்லை என்று அவர் இடித்துரைத்தார். 1897ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி, ஸ்ரோனி கிறீக் என்னும் சிற்றூரிலே கமக்காரர் மனைவியர் கூடி, உலகின் முதலாவது மாதர் சங்கத்தை நிறுவினர். அடுத்த ஆண்டு ஹூட்லெஸ் பாடசாலைகளுக்கான மனையியற் பாடநூலொன்றை வெளியிட்டார்.

அக்காலத்து உணவு விஞ்ஞானம் புரதம், கொழுப்பு, மாச்சத்து ஆகியவற்றையே அளந்தது. அந்த அளவுகோலிலே தக்காளியும் கீரையும் வெறும் நீர். கொடுத்த காசுக்குப் பெறுமதியற்றவை. 1910ஆம் ஆண்டு ரொறன்ரோ நகரில், மேடையிற் பேசிக்கொண்டிருக்கையிலேயே ஹூட்லெஸ் உயிர் நீத்தார். விற்றமின் என்ற கருத்துக்கு அப்பெயர் சூட்டப்பட்டது 1912இலேதான்.

இதற்கிடையே பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறை பரவலாயிற்று. 1893இல் நேதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் நியூயோர்க் ஏழைகளுக்கு அத்தகைய பால் வழங்கும் நிலையத்தைத் திறந்தார். 1908இல் சிகாகோ நகரம் அதைச் சட்டமாக்க முனைந்தது. ஒன்ராறியோவில் அது மாகாணம் முழுவதற்கும் சட்டமாக 1938ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சூடாக்கிய பால் எண்ணற்ற குழந்தைகளைக் காத்தது. ஆனால் அதே பாலையும் பேணிப் பாலையும் மாவுணவையும் மட்டும் உண்டு வளர்ந்த குழந்தைகளிற் சில முரசு வீங்கி, கால் தொட்டாலே வீரிட்டு அழுதன. இது கடலோடிகளைக் கொன்ற ஸ்கேவி நோயே என்று இலண்டன் வைத்தியர் தோமஸ் பார்லோ 1883இலேயே காட்டியிருந்தார். நல்ல வருவாயுள்ள வீடுகளிலேயே அந்நோய் அதிகம் காணப்பட்டது. கிருமியைக் கொன்ற வெப்பம், பாலில் முன்னரே குறைவாயிருந்த உயிர்ச்சத்தையும் குறைத்துவிட்டது.

மருந்து பழக்கூடையிலே கிடந்தது. நியூயோர்க்கில் அல்பிரட் ஹெஸ் என்ற வைத்தியர் அநாதைக் குழந்தைகள் இல்லமொன்றிலே இதைச் சோதித்தார். தோடம்பழச் சாற்றை வேண்டுமென்றே நிறுத்தி, ஸ்கேவியின் குறிகள் தோன்றிய பின் மீண்டும் சாறு கொடுத்து அவற்றை மாற்றிக் காட்டினார். வீட்டிலே தாய் மடியில் இருந்த குழந்தையிடம் எவரும் இதைச் செய்யத் துணிந்திரார். தடுக்க யாருமற்ற பிள்ளைகளின் வேதனையிலிருந்து அந்த அறிவு வந்தது என்பதை வரலாறு மறைத்தல் தகாது. தோடம்பழம் வாங்க இயலாத வீடுகளுக்குத் தக்காளிச் சாறே போதும், பேணியில் அடைத்த தக்காளியும் பயன்படும் என்பதும் ஹெஸ் கண்ட முடிபே. கோடையிலே தோட்டத் தக்காளியைப் போத்தல்களில் அடைத்து வைத்த பண்ணைப் பெண்களுக்கு இதனினும் நற்செய்தி வேறில்லை.

அதன்பின் காய்கறி விரைந்து குழந்தையிடம் சென்றது. கிளாரா டேவிஸ் என்ற வைத்தியர், அப்போதுதான் பால் மறந்த மூன்று குழந்தைகளின் முன்னே பழம், காய்கறி, இறைச்சி, தானியம் எனப் பலவற்றைத் தட்டுத்தட்டாக வைத்து, எதையும் வற்புறுத்தாமல் உண்ணவிட்டார். 1928இல் முடிவை வெளியிட்டார். மூவரும் நன்கு வளர்ந்தனர். எலும்பு நோயோடு வந்த ஒரு குழந்தை, நோய் மாறும்வரை மீனெண்ணெயைத் தானே எடுத்துக் குடித்தது!

1927ஆம் ஆண்டுக் கோடையிலே, மிச்சிகன் மாநிலத்து பிறீமொன்ற் என்ற ஊரில் டொறதி கேர்பர் என்ற தாய், ஏழு மாத மகளுக்காகப் பட்டாணியை அவித்து, அரிதட்டிலே தேய்த்து வடித்துக்கொண்டிருந்தார். ஒரு கிண்ணம் கூழுக்கு எத்துணை உழைப்பு! இதை ஆலையிற் செய்யலாகாதோ என்று பேணியடைக்கும் ஆலையை நடத்திவந்த கணவரிடம் கேட்டார் என்பது அந்நிறுவனம் கூறும் வரலாறு. மறு ஆண்டே குழந்தையுணவுப் பேணிகள் கடைக்கு வந்தன. தாயின் கை நோவு தீர்ந்தது. கோடையின் பசுமையோ பேணிக்குள் அடங்கிற்று. அதை முழு இலாபமென்று சொல்வதற்கில்லை.

ஸ்ரோனி கிறீக் கூட்டத்துக்கு முந்திய ஆண்டிலே, ஒன்ராறியோவில் பிறந்து வைத்தியம் கற்ற இளம்பெண்ணொருவர் இலங்கைக்குப் புறப்பட்டார். யாழ்ப்பாணத்து மிஷன் ஊழியத்துக்கென வந்து, தமிழரான எஸ். சி. கே. இரட்ணத்தை மணந்து, கொழும்பிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியராயிருந்த மேரி இரட்ணமே அவர். தாயகத்து மாதர் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் அவர் லங்கா மகிலா சமிதியை நிறுவினார். 1935ஆம் ஆண்டிலே, மலேரியா தீவை வாட்டியபோது, இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. சமிதியின் பெண்கள் பனிக்கால நிலவறை தேவையற்ற கிராமங்களில் அடுக்களைத் துப்புரவையும் குழந்தை உணவையும், கொல்லையிலே வீட்டுத்தோட்டம் இடுவதையும் கற்றனர். 1958இல் மகசேசே விருது அவருக்கு வழங்கப்பட்டபோது மேரி இரட்ணத்துக்கு வயது 85.